கீழ்த்தாடை எலும்பு ஒன்றா, இரண்டா? அப்துல் லதீப் அல்-பக்தாதியின் அவதானமும் அதன் படிப்பினையும்

மனித உடலில் கையால் தொட்டறியக்கூடிய எலும்புகளுள் கீழ்த்தாடையும் ஒன்று. மோவாயிலிருந்து காது வரை விரலை ஓட்டிப் பார்க்கும் எவரும் அதன் உருவை ஓரளவு அறிந்துகொள்ள முடியும். ஆயினும், அது ஒரே எலும்பா, அன்றி மோவாயில் பொருந்தி நிற்கும் இரண்டு எலும்புகளா என்ற எளிய வினாவுக்கு மருத்துவ நூல்கள் ஆயிரம் ஆண்டுகளாகப் பிழையான விடையையே தந்து வந்தன. அப்பிழையை முதன்முதலில் எண்ணிக்கையின் துணைகொண்டு திருத்தியவர் ஹிஜ்ரி ஆறாம், ஏழாம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த அப்துல் லதீப் அல்-பக்தாதி ஆவார்.

அதே எலும்பின் மறுமுனையில், அதாவது மண்டையோட்டுடன் அது மூட்டாக இணையும் இடத்தில், இன்றைய எக்ஸ்ரே படங்களும் ஸ்கேன் படங்களும் அரிதான ஒரு விந்தையைக் காட்டுகின்றன. ஒன்றாக இருக்க வேண்டிய மூட்டுத்தலை சிலரிடம் இரண்டாகப் பிளவுபட்டிருக்கிறது. ஒன்றை இரண்டென்று கருதிய பழைய பிழைக்கும், ஒன்று இரண்டாகவே இருக்கும் இந்த அரிய நிலைக்கும் நேரடித் தொடர்பு இல்லை. ஆயினும் இரண்டையும் அறிவதற்குரிய வழி ஒன்றே: பலவற்றைப் பார்த்தல், எண்ணுதல், கண்டதைக் கண்டவாறு பதிதல். அவ்வழியை மக்ஸ் மேட்டின் எலும்புகளுக்கிடையே அப்துல் லதீப் எவ்வாறு கண்டார் என்பதையும், அது இன்று எங்கு வந்து நிற்கிறது என்பதையும் இக்கட்டுரையில் நோக்குவோம்.

நூலில் இருந்த தாடை

கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க மருத்துவர் கேலனை அரபு உலகம் ஜாலீனூஸ் என்ற பெயரால் அறிந்திருந்தது. ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில் பக்தாதில் ஹுனைன் இப்னு இஸ்ஹாக்கும் அவரது குழுவினரும் அவருடைய நூல்களைப் பெருமளவில் மொழிபெயர்த்தனர். அதன் பின்னர் மருத்துவக் கல்வியில் ஜாலீனூஸுக்கு நிகரான அதிகாரம் வேறு எவருக்கும் இருக்கவில்லை எனலாம். கீழ்த்தாடை இரண்டு எலும்புகளால் ஆனது, அவை மோவாயில் உறுதியாகப் பொருந்தியுள்ளன என்பது அவருடைய கூற்று. இப்னு ஸீனா தமது 'அல்-கானூன் ஃபித் திப்' நூலில் அதனையே எடுத்துரைத்தார். கானூன் கிழக்கிலும் மேற்கிலும் பாடநூலாக விளங்கியமையால் அக்கூற்றும் அதனுடன் பயணித்தது.

ஜாலீனூஸ் அறியாமையால் இதனை எழுதினார் என்று கொள்வது நியாயமன்று. அவர் தமது கைகளாலேயே உடற்கூறு ஆய்ந்தவர். ஆனால் அவர் பெரும்பாலும் அறுத்துப் பார்த்தவை குரங்கு, பன்றி முதலிய விலங்குகளின் உடல்களே. நாய், மாடு போன்ற பல விலங்குகளில் கீழ்த்தாடையின் இரு பாதிகளும் வாழ்நாள் முழுவதும் முற்றாக ஒன்றுசேர்வதில்லை. மனிதக் குழந்தையும் இரு பாதிகளுடனேயே பிறக்கிறது. பிறந்த முதலாம் ஆண்டளவில் அவை மோவாயில் இணைந்து ஒரே எலும்பாகிவிடுகின்றன. ஆகவே, அவரது கூற்றுக்கு இயற்கையில் ஓர் அடிப்படை இருக்கவே செய்தது. வளர்ந்த மனிதனைப் பொறுத்தவரையிலேயே அது பிழையானது.

மருத்துவர்களின் அன்றாடத் தேவைக்கும் இப்பிழை தடையாக அமையவில்லை. தாடை மூட்டு விலகினால் அதனை மீளப் பொருத்தும் முறை மிகத் தொன்மையானது. எகிப்தின் எட்வின் ஸ்மித் பாப்பிரஸ் எனப்படும் சுவடியிலேயே, பெருவிரல்களை வாயினுள்ளும் மற்றைய விரல்களை மோவாயின் கீழும் வைத்துத் தாடையைத் தள்ளிப் பொருத்தும் முறை கூறப்பட்டுள்ளது. அந்தலூஸின் அறுவை மருத்துவ மேதை அல்-ஸஹ்ராவியும் தமது 'அத்-தஸ்ரீஃப்' நூலில் தாடை விலகலுக்குத் தனி அத்தியாயம் ஒதுக்கினார். தாடை ஒன்றாயினும் இரண்டாயினும் சிகிச்சை நடந்தது. நடைமுறையில் எவரையும் வருத்தாத ஒரு பிழை நீண்டகாலம் நிலைத்திருப்பது வியப்பன்று.

பக்தாதிலிருந்து கெய்ரோ வரை

அப்துல் லதீப் ஹிஜ்ரி 557இல் (கி.பி. 1162) பக்தாதில் பிறந்தார். குர்ஆன், ஹதீஸ், இலக்கணம், ஃபிக்ஹு ஆகியவற்றில் பயிற்சி பெற்ற பின்னரே அவர் மருத்துவத்திலும் மெய்யியலிலும் ஈடுபட்டார். மோசுல், டமஸ்கஸ் ஆகிய நகரங்களைக் கடந்து அக்கா முற்றுகைக் களம் வரை சென்றவர், அங்கு ஸலாஹுத்தீன் அய்யூபியின் அமைச்சரான அல்-காழி அல்-ஃபாழிலைச் சந்தித்தார். அவர் தந்த பரிந்துரைக் கடிதத்துடன் கெய்ரோவை அடைந்து, அங்கு மூஸா இப்னு மைமூன் போன்ற அறிஞர்களையும் கண்டார். பின்னர் ஜெரூசலத்தில் ஸலாஹுத்தீனை நேரில் சந்தித்து, அவரிடமிருந்து மாதாந்த உதவித்தொகையும் பெற்றார்.

ஸலாஹுத்தீன் 1193இல் காலமானார். பின்னர் அவருடைய மகன் அல்-மலிக் அல்-அஸீஸின் காலத்தில் அப்துல் லதீப் மீண்டும் கெய்ரோ சென்று அல்-அஸ்ஹரில் கற்பித்தார். காலையிலும் மாலையிலும் ஏனைய கலைகளைப் போதித்த அவர், நண்பகலில் மருத்துவ மாணவர்களுக்குப் பாடம் நடத்தினார். இந்நண்பகல் வகுப்புகளே அவரை ஒரு சிக்கலின் முன் நிறுத்தின. உடற்கூறு பற்றிச் சொல்லால் மட்டும் விளக்கும்போது மாணவர்களுக்கு அது புரியவில்லை. சொல்லுக்கும் பொருளுக்கும் இடையிலிருந்த இந்த இடைவெளியை நிரப்பும் வாய்ப்பு, எவரும் விரும்பாத ஒரு பேரிடரின் வடிவில் வந்தது.

பஞ்சமும் மக்ஸ் மேடும்

ஹிஜ்ரி 596இல் (கி.பி. 1200) நைல் நதி வழமைபோல் பெருகவில்லை. ரவ்ழா தீவிலுள்ள நீரளவைத் தூணில் போதிய விளைச்சலுக்கு 16 முழம் அளவு உயர வேண்டிய நீர், அவ்வாண்டில் 13 முழத்தைக்கூட எட்டவில்லை. வயல்கள் வறண்டன. கிராமத்தவர் நகரங்களை நோக்கித் திரண்டனர். அடுத்த இரு ஆண்டுகளில் எகிப்து கண்ட பசியையும் கொள்ளைநோயையும், மனிதர் மனிதரையே உண்ணும் அளவுக்குச் சென்ற கொடுமையையும் அப்துல் லதீப் தமது 'அல்-இஃபாதா வல்-இஃதிபார்' நூலில் விரிவாகப் பதிந்துள்ளார். கெய்ரோவில் அரசு அலுவலகத்தின் பதிவுக்கு உட்பட்டு அடக்கம் செய்யப்பட்டோர் மட்டும் 22 மாதங்களில் ஏறத்தாழ 1,11,000 பேர் என்பது அவர் தரும் கணக்கு. பதிவுக்கு வராமலே மடிந்தோர் அத்தொகையில் அடங்கார்.

கெய்ரோவின் மேற்கே நைல் கரையில் அமைந்த மக்ஸ் என்னுமிடத்தில் இறந்தோரின் உடல்கள் ஒரு மேடாகக் குவிந்து கிடந்தன. அங்கு கண்ணுக்குத் தெரிந்த உடல்கள் மட்டுமே 20,000க்கு மேலிருக்கும் என்று அவர் மதிப்பிட்டார். சில அண்மையில் இறந்தோருடையவை. சில வெறும் எலும்புகளாகிவிட்டவை. அப்துல் லதீப் தம் மாணவர்களுடன் அங்கு சென்றார். அவர்கள் எவ்வுடலையும் கத்தியால் அறுக்கவில்லை. மண்ணும் காலமும் பிரித்து வைத்திருந்தவற்றையே பார்த்தனர். எலும்புகளின் வடிவம், மூட்டுகளின் அமைப்பு, அவை ஒன்றோடொன்று பொருந்தும் விதம் ஆகியவற்றில், நூல்களிலிருந்து பெற முடியாத அறிவை அங்கு பெற்றதாக அவர் எழுதுகிறார்.

இவ்விடத்தில் நாம் ஒன்றை மறந்துவிடலாகாது. மருத்துவ வரலாற்று நூல்கள் இந்நிகழ்வை ஒரு வெற்றியாக மட்டும் கூறிச் செல்வதுண்டு. ஆனால் அம்மேட்டில் கிடந்தவர்கள் தம் உடலை ஆய்வுக்கு அளித்தவர்கள் அல்லர். அடக்கம் செய்ய ஆளின்றிப் போனவர்கள். அவர்களுடைய பெயர்கள் எங்கும் இல்லை. மனித அறிவில் திருத்தப்பட்ட ஒரு வரி அவர்களுடைய துயரத்தின் மீது எழுதப்பட்டது. அந்நூலில் பஞ்சத்தின் விவரமும் எலும்பின் விவரமும் அருகருகே இடம்பெறுவது, இவ்வுண்மையை வாசகர் கண்ணிலிருந்து மறைந்துவிடாமல் காக்கிறது.

இரண்டாயிரம் மண்டையோடுகள்

மோவாயில் ஒரு பொருத்துக்கோடு இருக்கும் என்று எதிர்பார்த்தே அப்துல் லதீப் தாடைகளை நோக்கினார். கோடு இல்லை. ஒரு தாடையில் இல்லாவிடின் அதனை விதிவிலக்காகக் கொள்ளலாம். ஆகவே மேலும் பல தாடைகளைப் பார்த்தார். அவர் தரும் கணக்கின்படி, ஆராயப்பட்ட மண்டையோடுகளின் தொகை 2,000க்கும் அதிகம். எங்கும் ஒரே எலும்பே இருந்தது. பொருத்தோ தையல்கோடோ காணப்படவில்லை.

தம் கண்ணை மட்டும் நம்புவதிலும் அவர் நிறைவு கொள்ளவில்லை. வேறு பலரையும் பார்க்கச் செய்தார். தாம் அருகில் இருந்தபோதும், இல்லாதபோதும் அவர்களை ஆராய வைத்தார். ஆசிரியர் உடனிருக்கையில் மாணவனின் கண் ஆசிரியரின் விருப்பத்தைக் காணக்கூடும் என்பதை அவர் உணர்ந்திருந்தார் போலும். எல்லோரும் ஒன்றையே கண்டனர். அதன் பிறகும் அவர் பூஸீரின் பழங்காலப் புதைகுழிகளுக்குச் சென்றார். மறைந்திருக்கும் பொருத்துகள் நெடுங்காலம் கழிந்தால் விலகி வெளித்தெரியும் என்பது அவருடைய தர்க்கம். அங்கும் ஏனைய பொருத்துகள் விலகியிருந்தனவேயன்றி, தாடை ஒன்றாகவே இருந்தது.

இதிலிருந்து அவர் எடுத்த முடிவு அடக்கமும் உறுதியும் ஒருங்கே கொண்டது. ஜாலீனூஸ் தாம் ஆய்ந்தவற்றிலும் எழுதியவற்றிலும் மிக உயர்ந்த நிலையில் இருப்பவர் என்பதை அவர் ஏற்கிறார். ஆனால் புலன்களின் சாட்சி அவரைவிட உண்மையானது என்கிறார். அதன் பின்னர், இயலுமாயின் அவருடைய கூற்றுக்கு ஒரு விளக்கத்தைத் தேடலாம் என்றும் கூறுகிறார். இவ்வரிசை முக்கியமானது. முதலில் கண்டதை ஏற்க வேண்டும். முன்னோரின் கூற்றுக்கு நியாயம் தேடுவது அதற்கு அடுத்தது. இவ்வரிசையைத் தலைகீழாக்குபவன் முன்னோரைக் காப்பதற்காகத் தன் கண்ணைப் பொய்யாக்குகிறான். இரண்டாம் படியை முற்றாக விட்டுவிடுபவனோ, முன்னோர் எவ்வாறு பிழைத்தனர் என்பதை அறியும் வாய்ப்பை இழக்கிறான்.

அப்துல் லதீப் இதில் தனித்து நிற்பவரும் அல்லர். அவருக்கு ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகளுக்கு முன்பே அபூபக்ர் அர்-ராஸி, 'ஜாலீனூஸ் மீதான ஐயங்கள்' என்ற நூலை எழுதியிருந்தார். அவருக்குப் பின்வந்த இப்னு அந்-நஃபீஸ், குருதி நுரையீரல் வழியாகச் செல்லும் பாதையை விளக்கி ஜாலீனூஸை மறுத்தார். முன்னோரை மதித்துக்கொண்டே அவர்களைத் திருத்துவது அம்மரபில் ஒரு பண்பாகவே வளர்ந்திருந்தது.

உறுதிக்கும் ஓர் அளவு

அப்துல் லதீபின் பெருமையாகத் தாடை பற்றிய முடிவே அடிக்கடி எடுத்துக்கூறப்படுகிறது. நமது நோக்கில், அதை அடுத்து வரும் பகுதி இன்னும் சிறந்தது. முதுகெலும்பின் அடியிலுள்ள இடுப்படி எலும்பும் வாலெலும்பும் சேர்ந்து ஆறு எலும்புகளால் ஆனவை என்பது ஜாலீனூஸின் கூற்று. அப்துல் லதீப் முதலில் பார்த்தபோது அது ஒரே எலும்பாகத் தோன்றியது. மற்றொரு உடலில் பார்த்தார். ஜாலீனூஸ் சொன்னவாறே ஆறு இருந்தன. மேலும் பார்த்தார், ஏனையவற்றிலும் ஆறே இருந்தன. இரண்டில் மட்டுமே அது ஒன்றாக இருந்தது. தாடை பற்றித் தமக்குள்ள உறுதி இவ்விடயத்தில் தமக்கில்லை என்று அவர் வெளிப்படையாக எழுதிவைத்தார்.

ஜாலீனூஸை ஓரிடத்தில் வென்றவர், மறு இடத்திலும் வெல்ல விரும்பியிருந்தால் தாம் முதலில் கண்டதோடு நின்றிருக்கலாம். அவர் அவ்வாறு செய்யவில்லை. எண்ணிக்கை எங்கு தம்மை மறுத்ததோ அங்கு ஜாலீனூஸின் கூற்றுக்கே இடம்விட்டார். அத்துடன், மனித உடல்கள் அனைத்தும் ஓர் அச்சில் வார்த்தவை அல்ல என்ற உண்மையும் இங்கு பதிவாகிறது. பெரும்பாலோரிடம் ஒருவகை, சிலரிடம் வேறுவகை. 'மனித எலும்பு இவ்வாறிருக்கும்' என்று சொல்வதற்கும், 'இத்தனை பேரில் இத்தனை பேரிடம் இவ்வாறிருந்தது' என்று சொல்வதற்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

மூட்டின் இரட்டைத் தலை

இந்த வேறுபாட்டின் பொருளை, தாடையின் மறுமுனையில் இன்று தெளிவாகக் காணலாம். கீழ்த்தாடை எலும்பு இருபுறமும் மேலெழுந்து, காதின் முன்னே நீள்வட்ட வடிவான ஒரு தலையில் முடிகிறது. மண்டையோட்டின் குழியில் அத்தலை பொருந்துகிறது. இடையில் ஒரு மெல்லிய தட்டு உண்டு. வாயைத் திறக்கும்போது அத்தலை முதலில் சுழன்று, பின்னர் முன்னோக்கி வழுக்குகிறது. பேசுவதும் உண்பதும் கொட்டாவி விடுவதும் இவ்விரு அசைவுகளால் நிகழ்பவை.

மிகச் சிலரிடம் இத்தலை ஒரு பள்ளத்தால் இரண்டாகப் பிளவுபட்டிருக்கும். சிலரில் இரு தலைகளும் பக்கம் பக்கமாக அமையும். சிலரில் ஒன்று முன்னும் மற்றது பின்னுமாக அமையும். 1941இல் அமெரிக்க மானுடவியலாளர் அலெஷ் ஹர்த்லிச்கா, அருங்காட்சியக மண்டையோடுகளில் இத்தகைய தாடைகளைக் கண்டு விவரித்தார். உயிருள்ள நோயாளி ஒருவரில் இது முதன்முதலாக அறிவிக்கப்பட்டது 1948இல் ஆகும். ஆக, இவ்விந்தையும் முதலில் உலர்ந்த எலும்புகளை வரிசையாகப் பார்த்தவர் கண்ணிலேயே பட்டது.

1895இல் ரோன்ட்கன் எக்ஸ்ரே கதிர்களைக் கண்டறிந்த பின்னர், எலும்பைக் காண உடல் மண்ணாக வேண்டிய தேவை நீங்கியது. இரு தாடைகளையும் ஒரே நீண்ட படமாகக் காட்டும் எக்ஸ்ரே முறை இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வளர்ந்தது. 1970களில் வந்த சி.டி. ஸ்கேன், எலும்பைப் பல கோணங்களில் அடுக்கடுக்காகக் காட்டியது. பல்வலிக்காக எடுத்த படத்தில், மூட்டில் எந்தத் தொல்லையும் இல்லாத ஒருவரிடம் இரட்டைத் தலை தற்செயலாகத் தென்படுவது இன்று மருத்துவ ஏடுகளில் பழகிப்போன செய்தி. வேறு சிலருக்கு வலி, வாயைத் திறக்கையில் ஒலி, திறப்பதில் தடை ஆகியன இருக்கலாம்; மிகச் சிலருக்கு மூட்டு இறுகிப்போவதும் உண்டு. காரணம் குறித்து இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. குழந்தைப் பருவத்தில் மூட்டில் பட்ட அடி ஒரு காரணமாகக் கூறப்படுகிறது. கருவில் வளரும் மூட்டுத்தலையின் குருத்தெலும்பில் காணப்படும் நார்த் தடுப்புகள் மறையாமல் எஞ்சுவது மற்றொரு காரணமாகக் கூறப்படுகிறது.

எண்ணிக்கை சொல்லும் பாடம்

இது எவ்வளவு அரிது? பிரேசிலில் 2008இல் வெளியான ஓர் ஆய்வில் 50,080 எக்ஸ்ரே படங்கள் பார்க்கப்பட்டன. அவற்றுள் 9 பேரிடமே இரட்டைத் தலை இருந்தது. துருக்கியின் எர்சுரூம் நகர ஆய்வாளர்கள் 2010இல் 10,200 பேரின் படங்களை ஆராய்ந்து 32 பேரிடம் அதனைக் கண்டனர். முதலாவது 5,000 பேருக்கு ஒருவர் என்ற அளவுக்கு அண்மித்தது. இரண்டாவது ஏறத்தாழ 300 பேருக்கு ஒருவர். படத்தின் தரம், பார்ப்பவரின் கவனம், எவ்வளவு ஆழமான பள்ளத்தைப் பிளவு எனக் கொள்வது என்பன போன்றவையும் விடையை மாற்றக்கூடியவை. இதில் வரலாற்றுப் பொருத்தம் ஒன்றும் உண்டு. அப்துல் லதீப் தமது பிற்காலத்தில் அனத்தோலியாவில் பயணம் செய்தபோது, ஹிஜ்ரி 625இல் சென்ற நகரங்களுள் அர்ஸன் அர்-ரூம் எனப்பட்ட இதே எர்சுரூமும் ஒன்று.

ஹங்கேரிய ஆய்வாளர்கள் 1990இல் வெளியிட்ட ஆய்வு நம் பொருளுக்கு இன்னும் நெருக்கமானது. வரலாற்றுக்கு முற்பட்ட, பிற்பட்ட காலங்களின் 1,882 மண்டையோடுகளில் எஞ்சியிருந்த 2,077 மூட்டுத்தலைகளை அவர்கள் நோக்கினர். இரட்டைத் தலைகள் ஏழு மட்டுமே கிடைத்தன. அப்துல் லதீப் பார்த்த தொகையும் ஏறத்தாழ இதே அளவினதே. அவ்விகிதம் எகிப்துக்கும் பொருந்துமாயின், மக்ஸ் மேட்டிலும் அத்தகைய தாடைகள் சில கிடந்திருக்க வாய்ப்புண்டு. இது ஓர் அனுமானமே. அவருடைய கண் மோவாயில் நிலைத்திருந்தது. அவர் கேட்ட வினா அதுவாகவே இருந்தது. கண் எவ்வளவு கூரியதாயினும், வினா சுட்டும் இடத்தையே அது முதலில் காண்கிறது. இது குறைகூறலன்று. ஒவ்வொரு தலைமுறைக்கும் அதே எலும்பில் புதிதாகக் கேட்க ஒரு வினா எஞ்சியிருக்கிறது என்பதே இதன் பொருள்.

நூலின் பயணம்

அப்துல் லதீபின் திருத்தம் மருத்துவப் பாடநூல்களை மாற்றவில்லை. அது எகிப்தின் தாவரங்களையும் பிரமிடுகளையும் பஞ்சத்தையும் வர்ணிக்கும் ஒரு நூலின் பக்கங்களில் இருந்தது. கானூன் தொடர்ந்து படியெடுக்கப்பட்டது; இலத்தீனில் அச்சேறியது. 1543இல் வெசாலியஸ் தமது பெருநூலில் மனிதனின் கீழ்த்தாடை ஒன்றே என்று எழுதியபோது ஐரோப்பா அதனைப் புதிய செய்தியாகக் கொண்டது. பதினேழாம் நூற்றாண்டில் எட்வர்ட் போகாக் என்ற ஆங்கில அறிஞர் திரட்டிய அரபுச் சுவடிகளுடன் 'அல்-இஃபாதா'வின் கையெழுத்துப் பிரதியும் ஒக்ஸ்போர்டை அடைந்தது. 1800இல் ஜோசப் வைட்டின் இலத்தீன் மொழிபெயர்ப்பும், 1810இல் சில்வஸ்தர் த சாசியின் பிரெஞ்சு மொழிபெயர்ப்பும் வெளிவந்தன. அதற்குள் அவ்வினா மருத்துவ உலகில் எப்போதோ தீர்ந்துபோயிருந்தது.

'எங்களவர் முந்தினார்' என்று சொல்லி இவ்வரலாற்றை முடித்துவிடுவது எளிது. ஆனால் முந்தியவரின் சொல் ஏன் அவருடைய சமூகத்தின் மருத்துவ வகுப்புகளுக்குள்ளேயே போய்ச் சேரவில்லை என்ற கேள்வி அப்பெருமையை விடப் பயனுடையது. ஓர் அவதானம் சரியாக இருந்தால் மட்டும் போதாது. அது உரிய நூலில் இடம்பெற வேண்டும்; உரிய மாணவனின் கைக்கு வர வேண்டும்; பிறரால் மீண்டும் சோதிக்கப்பட வேண்டும். பலர் கூடிச் சோதிப்பதன் அவசியத்தை மக்ஸ் மேட்டில் அப்துல் லதீப் உணர்ந்திருந்தார். அவருக்குப் பின் அதைத் தொடர்ந்து செய்வதற்கான அமைப்பு உருவாகவில்லை.

அவர் ஹிஜ்ரி 629இல் (கி.பி. 1231) ஹஜ் பயணத்தின் வழியில் தாம் பிறந்த பக்தாதிலேயே காலமானார். நூல்களை மட்டும் நம்பிக் கற்க வேண்டாம், ஆசிரியரைத் தேடிச் செல்லுங்கள் என்று மாணவர்களுக்கு அறிவுறுத்தியவர் அவர். அதே ஆசிரியர்தாம், மாபெரும் ஆசிரியரான ஜாலீனூஸின் சொல்லையும் கண்முன் கிடந்த எலும்பையும் அருகருகே வைத்துப் பார்க்கத் தம் மாணவர்களை அழைத்துச் சென்றார். இன்று ஸ்கேன் படத்தின் முன் அமர்ந்து, பாடநூலில் ஒன்றென்றிருக்கும் மூட்டுத்தலையை இரண்டாகக் காணும் இளம் மருத்துவர், அதனைப் படத்தின் பிழையென்று தள்ளிவிடாமலும் ஒரே படத்தைக் கொண்டு முடிவு கட்டிவிடாமலும் கண்டதைப் பதிந்து, பிறரையும் பார்க்கச் செய்வாராயின், மக்ஸ் மேட்டில் தொடங்கிய அவ்வகுப்பு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது என்றே நாம் கொள்ளலாம்.